அரண்மனை இல்லாத அரண்மனை முற்றம்

லிஸ்பன்,
ஜூன் 18

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கும்பகோணத்தில் தபாலில் போட்டதிலிருந்து சரியாக 19 நாள். "வாட்ஸப்புல பேசினா பத்து செகண்டு, எதுக்குப்பா இந்தக் கஷ்டம்" என்று மகள் சிரிக்கிறாள். உன் கையெழுத்தின் அருமை அவளுக்கு எங்கே தெரியப்போகிறது! கவரின் மேல் நீ எழுதியிருந்த ஊர்ப்பெயரைத் தபால்காரரே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். நிழல் எழுத்து போடாமல் உன்னால் ஒரு விலாசம்கூட எழுத முடியாதா?

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நீலமெல்லாம் புளி போட்டுத் தேய்த்த மாதிரி பளிச்சென்று தெரிகிறது என்று எழுதியிருந்தாய். புரை விழுந்த கண் எல்லாவற்றையும் மஞ்சள் கண்ணாடி வழியாகக் காட்டும், அதில் முதலில் அடிபடுவது நீலம்தான் என்று எனக்கும் இப்போதுதான் தெரியும். அப்படியானால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஜவுளிக்கடைச் சுவருக்கு நீ அடித்த நீலம்... சரி, விடு. கடைக்காரர் அன்றைக்கே முகத்தைச் சுளித்தார். நான்தான் உனக்காக வாதாடினேன்.

இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. மகளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் வருகிறார்கள். நான் ஒரு நோட்டு, இரண்டு பேனா, தீப்பெட்டி அளவில் ஒரு வாட்டர்கலர் டப்பா எல்லாவற்றையும் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். முதல் நோட்டு தீர்ந்து, இரண்டாவதில் பாதி வந்துவிட்டேன். என்னத்தை வரைகிறாய் என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் சதுக்கங்கள். தெரு கொஞ்சம் அகன்று மூச்சுவிடும் இடம் எதுவானாலும் இங்கே அதற்கு 'லார்கு' என்று பெயர். போர்ச்சுகீசில் அந்தச் சொல்லுக்கே 'அகலமானது' என்றுதான் அர்த்தம். ஒரு மரம், ஒரு குழாய், இரண்டு பெஞ்சு இருந்தால் போதும், லார்கு ஆகிவிடும். பெரிதாகத் திட்டம் போட்டுக் கட்டியது என்றால் 'பிராசா'.

முதல் நாளே பெரிதில் போய் மாட்டிக்கொண்டேன். தேஜு ஆற்றங்கரையில் (ஆங்கிலத்தில் டேகஸ் என்பார்களே, அதேதான்) பிராசா து கொமெர்சியு என்று ஒரு சதுக்கம். மூன்று பக்கம் மஞ்சள் வண்ணக் கட்டடங்கள், கீழே வரிசையாக வளைவுத் தாழ்வாரம். நாலாவது பக்கம் கட்டடமே இல்லை, ஆறுதான். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு என் காலுக்கு 240 எட்டு. நடுவில் குதிரை மேல் ராஜா ஜொசே முதலாமவர். 1775ல் வைத்த வெண்கலச் சிலை. குதிரையின் காலடியில் பாம்புகள். அவருக்குப் பின்னால் ஒரு பிரம்மாண்டமான வளைவு வாசல்.

போர்டும் பேனரும் எழுதின நம்ம பட்டறை புத்தி உனக்குத் தெரியாதா? போர்டில் ஓர் அங்குலம் காலியாகக் கிடந்தால் முதலாளி சத்தம் போடுவார். "காலியா விட்ட இடத்துக்குக் காசு குடுப்பானாடா?" என்பார். காலி இருந்தால் ஒரு பூ, இல்லாவிட்டால் ஒரு சக்கரம், அதுவும் இல்லாவிட்டால் ஃபோன் நம்பரை இன்னொரு தரம். நாற்பது வருஷம் கழித்தும் அது கையை விட்டுப் போகவில்லை. அன்றைக்குச் சிலையை வரைந்தேன், வளைவை வரைந்தேன், தாழ்வாரத்தின் வளைவுகளை ஒன்று விடாமல் எண்ணி வரைந்தேன், தரையில் புறாவையும் நிரப்பினேன். இரண்டு மணி நேரம். முடித்துப் பார்த்தால் ஒரு பிஸ்கட் டப்பா மூடி மாதிரி இருந்தது. அங்கே நின்றபோது நெஞ்சு விரிந்ததே, அது படத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன். "நல்லா இருக்குப்பா" என்றாள். அந்த 'நல்லா இருக்கு' நமக்குத் தெரியாததா.

அந்த இடத்தின் கதையைக் கேள். கொமெர்சியு என்றால் வணிகம். அரசாங்கப் பெயர் வணிகச் சதுக்கம். ஆனால் ஊர்க்காரர்கள் பலர் இன்றைக்கும் 'தெர்ரெய்ரு து பாசு' என்றுதான் சொல்கிறார்கள். அரண்மனை முற்றம் என்று அர்த்தம். எங்கே அரண்மனை என்று தேடாதே. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலையில் ஊரே கோவிலில் இருந்த நேரம் பூமி குலுங்கியது. பிறகு கடல் ஆற்றுக்குள் ஏறி வந்தது. பூசைக்கு ஏற்றிய மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் சரிந்து பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றங்கரை அரண்மனை அதோடு போயிற்று. ராஜா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் கல் கட்டடத்துக்குள் படுக்கப் பயந்து, குன்றின் மேல் கூடாரத்திலும் மரவீட்டிலுமாகவே காலத்தை ஓட்டினாராம். 270 வருஷமாக அரண்மனை இல்லை, முற்றம் என்ற பெயர் மட்டும் ஜனங்கள் வாயில் நிற்கிறது.

ஊரைத் திரும்பக் கட்டியவர் பொம்பால் என்ற மந்திரி. சதுக்கத்துக்குப் பின்னால் நூல் பிடித்த மாதிரி நேர்த் தெருக்கள். நம்மூர்ப் பாத்திரக்கடைத் தெரு போல, தொழிலை வைத்துத்தான் அவற்றின் பெயர்களும்: தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு. சுவர்களுக்குள்ளே மரச்சட்டத்தால் கூண்டு கட்டி, அதைச் சுற்றிக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பியிருக்கிறார்கள். அடுத்த தரம் பூமி ஆடினால் மரம் வளைந்து கொடுக்கட்டும் என்று. மாதிரிக் கூண்டு ஒன்றைச் செய்து, சுற்றிலும் சிப்பாய்களைத் தடதடவென்று நடக்கவிட்டு அதிர்வுக்குத் தாங்குகிறதா என்று பார்த்தார்களாம். சாரம் கட்டி மேலே ஏறின பிறகுதான் ஆட்டிப் பார்ப்போம், நாம்.

சரி, படத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். இங்கே இந்த மாதத்தில் சூரியன் மறைய ஒன்பது ஆகிவிடும், எட்டு மணிக்கு நல்ல சாய்வெயில். ஓரத்துப் படியில் உட்கார்ந்தேன். ஓர் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தின் குறுக்கே தனியாக நடந்தார். அவரை விட அவர் நிழல் நாலு மடங்கு. அவர் நடக்கிறார், நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார். நோட்டில் அவரை மட்டும் கட்டைவிரல் நக அளவில் போட்டேன். தூரத்தில் இன்னொருத்தி, எறும்பு அளவில். நான் உட்கார்ந்திருந்ததால் என் கண்மட்டக் கோடு அவர்கள் இடுப்புக்கு வந்தது. பக்கத்தில் நிற்பவரின் இடுப்பும் தூரத்தில் போகிறவளின் இடுப்பும் ஒரே கோட்டில். தலை உயரமும் பாத இறக்கமும்தான் ஆளுக்கு ஆள் மாறும். அவ்வளவுதான், மாப்ளே. ஒரு கோடு, ஒன்பது ஆள்கள், ஒன்பது நிழல். தரை தானாக விரிந்துகொண்டு போய்விட்டது. கட்டடத்துக்கு மெல்லிய மஞ்சளில் ஒரு பூச்சு, சிலைக்கு ஒரு சாம்பல் கறை. நடுவில் ஒன்றுமே போடவில்லை. போடச் சொல்லி முதலாளி குரல் கேட்டது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அந்த ஒன்பது பேரும் முழு ஆள்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகிறவர் நிற்பதில்லையே. தலையும் தோளும் ஒருவருடையது, கால் அடுத்து வந்தவருடையது, பை மூன்றாமவருடையது. பேனர் வேலையில் ஒரு நடிகரின் முகத்தை இன்னொருவர் உடம்பில் ஒட்டின அனுபவம் இப்போது கைகொடுக்கிறது.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் ரொசியு. அதற்கும் நாலாம் பெத்ரு ராஜாவின் பெயரில் அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரொசியு என்றால் ஊர்ப் பொதுநிலம், நம் பாஷையில் மந்தைவெளி. இங்கே விசேஷம் தரைதான். கறுப்புக் கல்லும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கைக்கடக்கமாக உடைத்து அலை அலையாகப் பதித்திருக்கிறார்கள். 1848, 49ல் போட்டது. அதற்கு முன்னால் 1842ல் கோட்டையில் இருந்த கைதிகளை வைத்து வளைவில்லாத நெளிகோட்டில் ஒரு தளம் போட்டுப் பார்த்தார்கள். ஊர் ஆசையாக வந்து பார்த்தது, உடனே ரொசியுவுக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். இந்த வடிவத்துக்குப் பெயர் 'அகன்ற கடல்'. பார்த்துக்கொண்டே நடந்தால் சமதரையில் கால் ஏறி இறங்குவது போலத் தோன்றும். மழை பெய்தால் தோன்ற வேண்டியதே இல்லை, வழுக்கிவிடும். நான் விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அலையை வரைவதில் ஒரு சூட்சுமம். காலடியில் இருக்கும் மூன்று நாலு அலையை மட்டும் ஒழுங்காக, அகலமாகப் போட வேண்டும். தள்ளிப் போகப்போக அது நசுங்கி வெறும் கீற்றாகிவிடும். பாதித் தூரத்தில் விட்டுவிட்டால் மீதியைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும். எல்லா அலையையும் வரைந்தால் கோரைப்பாய் ஆகிவிடுகிறது. இரண்டு பக்கம் வரைந்து கிழித்த பிறகு வந்த ஞானம் இது.

கல் பதிக்கிறவர் ஒருவரைப் பக்கத்துத் தெருவில் பார்த்தேன். முக்காலியை விடக் குட்டையான ஒரு பலகையில் உட்கார்ந்து, கல்லை இடது உள்ளங்கையில் வைத்து, சின்னச் சுத்தியால் இரண்டு தட்டு. கல் பொருந்தும் அளவுக்கு உடைந்து விழும். பார்த்துப் பார்த்து உடைப்பதாகத் தெரியவில்லை, கையே அளந்துகொள்கிறது. சின்ன வயதில் வீட்டு வாசலில் உட்கார்ந்து அம்மி கொத்துவார்களே, அதே முதுகு வளைவு, அதே சத்தம். அவரை வரைந்த பக்கம்தான் இந்த நோட்டிலேயே எனக்குப் பிடித்தது. முகம் சரியில்லை, கை வந்திருக்கிறது.

ரொசியுவின் ஓரத்தில் சாவ் தொமிங்குஷ் என்று ஒரு லார்கு. 1959ல் தீப்பிடித்த கோவில் ஒன்று இருக்கிறது. கூரையைப் புதிதாகப் போட்டார்கள், ஆனால் உள்ளே வெந்து சிதைந்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். வாசலுக்கு எதிரே, 1506ல் இங்கே யூதர்களைக் கும்பல் கும்பலாகக் கொன்றதற்கு நினைவுக்கல். அதைச் சுற்றித் தினமும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் கூடி நின்று ஊர்க்கதை பேசுவார்கள். நாலு எட்டில் செர்ரி மதுவைச் சின்னக் குவளையில் விற்கும் கடை, அதன் வாசலில் எப்போதும் ஒரு கூட்டம். இத்தனையும் நம் வீட்டுக் கொல்லை அளவு இடத்தில்.

அங்கே உயரமான தொப்பி போட்ட ஒரு பெரியவரை வரைந்துகொண்டிருந்தேன். திடீரென்று நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நோட்டை மூடப் போனேன். கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி, அதில் இருந்த தையல் வரியைக் காட்டி, படத்தில் அது இல்லையே என்று சைகையில் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். திருப்தியாகி, பழைய இடத்துக்கே போய்ப் பழையபடி நின்றுகொண்டார், முன்னை விட நிமிர்ந்து. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முகம் தெரிகிற தூரத்தில் இருப்பவரை வரைந்தால் முடிந்ததும் நானே போய்க் காட்டிவிடுகிறேன். ஒரு பெண்மணி மட்டும் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.

மேட்டுத் தெருக்கள் தனிக் கஷ்டம். குன்று குன்றாக ஊர், சரிவு சரிவாகத் தெரு. சரிவின் உச்சியில் நின்று கீழே பார்த்தால், வீட்டு ஜன்னல் வரிகள் கண்மட்டத்தில் போய்ச் சேருகின்றன, தெருவின் ஓரங்களோ அதற்குக் கீழே வேறொரு புள்ளியில். அது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் இழுத்தால் தெரு சமதரையாகிவிடும். பள்ளிக்கூடத்தில் 30 வருஷம் பிள்ளைகளுக்கு ஒரே புள்ளிதான் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். தஞ்சாவூர் ஜில்லாவில் மேடு எங்கே இருக்கிறது, சொல்!

மேட்டில் சான்தா லுசியா என்று ஒரு பார்வையிடம். அங்கே கோவிலின் வெளிச்சுவரில் நீல ஓட்டுப் படங்கள். ஒன்றில் நில அதிர்ச்சிக்கு முந்தைய அரண்மனை முற்றம், அரண்மனையோடு. 'அசுலெஜு' என்று இந்த ஓடுகளுக்குப் பெயர். அசுல் என்றால் நீலம், அதனால்தான் இந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், மெருகிட்ட கல்லைக் குறிக்கும் அரபுச் சொல்லாம். அந்தப் படத்தைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன், எழுந்து வந்துவிட்டேன். வேறொருத்தர் வரைந்து முடித்ததில் நமக்கு என்ன வேலை?

சொல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இங்கே வந்த புதிதில் ஜன்னலை ஜனேலா, சாவியை ஷாவ், மேசையை மேசா என்று சொல்வதைக் கேட்டு வீட்டில் ஒரே சிரிப்பு. நம் நாக்கில் இவர்கள் விட்டுப்போனவை. அந்தத் தைரியத்தில் ஒரு எழுதுபொருள் கடைக்குப் போய் 'பேனா' என்று கேட்டேன். கடைக்காரர் தன் கையைப் பறவைச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினார். இங்கே பேனா என்றால் இறகு. இறகால் எழுதிய காலத்துச் சொல்லை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம், இவர்கள் எழுதுகோலுக்கு 'கனேத்தா' என்று மாறிவிட்டார்கள். தமிழ்ச் சொற்கள் முதன்முதலில் அச்சேறியதும் இந்த ஊரில்தான், 1554ல், ரோமன் எழுத்தில். ஏதோ ஒரு தெருவில் ஓர் அச்சுக்கோப்பவர் ஒரு வார்த்தையும் புரியாமல் தமிழைக் கோத்திருக்கிறார். நம் பட்டறையில் நீ இந்தி போர்டு எழுதின மாதிரி.

ஃபோனில் ஒரு படம் எடுத்தால் முடிந்தது, எதற்கு வெயிலில் காய்கிறாய் என்று கேட்டிருந்தாய். எடுத்துப் பார்த்தேன். அதே படியில் உட்கார்ந்து, அதே சதுக்கத்தை. அதில் வளைவு வாசல் சுண்டைக்காய், ஆறு ஒரு நாடா. என் படத்திலோ ஆறு அகலமாக இருக்கிறது, வாசல் பெரிதாக நிற்கிறது. யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்தால் நான்தான். திருத்தலாமா என்று யோசித்தேன், திருத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லார்கு து கார்முவில் இருந்தேன். கூரை இல்லாத பழைய கோவில், 1755ல் இடிந்ததை அப்படியே வைத்திருக்கிறார்கள். எதிரே ஜக்கராந்தா மரங்கள், ஊதாப் பூ. 1974 ஏப்ரல் 25 அன்று காலையில் ஆற்றங்கரைச் சதுக்கத்தைப் பிடித்த சிப்பாய்கள் பிறகு மேட்டுக்கு வந்து இங்கேதான் அரசாங்கத் தலைவரை வளைத்தார்கள். ஜனங்கள் மரத்தின் மேலெல்லாம் ஏறி நின்று பார்த்திருக்கிறார்கள். துப்பாக்கிக் குழாயில் கார்னேஷன் பூவைச் செருகின சம்பவம் அன்றைக்குத்தான். 48 வருஷ சர்வாதிகாரம் சாயங்காலத்துக்குள் முடிந்தது. இன்றைக்கு அங்கே கிழவர்கள் காப்பி குடிக்கிறார்கள். காப்பிக்கு 'பிக்கா' என்று பெயர், இரண்டு வாய்தான், நம் டபராவை நினைத்து ஏங்க வைக்கும். ஈரம் காயாத பக்கத்தில் ஒரு ஊதாப் பூ விழுந்து ஒட்டிக்கொண்டது. எடுத்ததும் ஒரு வட்டக் கறை. அதைக் குடையாக்கிவிட்டேன்.

அன்றைக்கு ஊர்ப் படக்காரர்கள் ஒரு குழுவாக வந்திருந்தார்கள். நேரில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் வரைவது என்பது இவர்கள் கட்டுப்பாடு. உலகம் பூராவும் இப்படிக் குழுக்கள் இருக்கின்றன, 2011ல் அவர்களுடைய உலகக் கூட்டமே இந்த ஊரில்தான் நடந்தது. கடைசியில் எல்லாரும் நோட்டைத் தரையில் விரித்து வைத்துச் சுற்றி நின்று பார்ப்பார்கள். இருபது நோட்டு, ஒரே இடம், இருபது விதம். என்னுடையதை ஒரு காலேஜ் பையன் எடுத்து, எழுத்தை எதில் எழுதினாய் என்று கேட்டான். ஓரத்தில் இடத்தின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன், பழக்கதோஷத்தில் நிழல் எழுத்து போட்டு. படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ராத்திரி எட்டு மணிப் படத்தை இதோடு மடிக்காமல் அட்டை வைத்து அனுப்புகிறேன். நடுவில் வெறும் தாளாக இருப்பதைப் பார்த்து, தபாலில் அழிந்துவிட்டது என்று நினைக்காதே. பூ, சக்கரம் எதையும் போட்டு நிரப்பியும் வைக்காதே, உன்னைத் தெரியும். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்து வை. நிழலுக்கு அல்ட்ராமெரின் நீலத்தோடு கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தேன். இந்த ஊர் வெள்ளைச் சுவரில் நிழல் அப்படித்தான் நீலம் பாய்ந்து தெரிகிறது எனக்கு. மகள், அவ்வளவு நீலம் இல்லையே என்கிறாள். என் கண்ணிலும் புரை ஆரம்பமோ என்னவோ. உன் புதுக் கண்ணால் பார்த்து, நீலம் கூடவா குறைவா என்று எழுது.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன்,
மாப்ளே